டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எந்த வைட்டமின் தேவை, எது ஆபத்து?

மைசூரு: சிறுநீரகம் செயலிழந்து நீண்டகாலமாக டயாலிசிஸ் செய்துகொள்வோரின் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் ஒரு வைட்டமின் மாத்திரையும் இடம்பெறுகிறது. அது கிடைக்காதபோது, "எல்லாம் சத்து மாத்திரைதானே" என்று மருந்துக் கடையில் வேறொன்றை வாங்கிக்கொள்வோரும் உண்டு. இவர்களைப் பொறுத்தவரை எல்லாம் ஒன்றல்ல.

டயாலிசிஸ் கருவியின் வடிகட்டி, கழிவு எது, சத்து எது என்று பிரித்தறியாது. ஏறத்தாழ 4 மணி நேரம் ரத்தம் சுத்திகரிக்கப்படும்போது யூரியாவுடன் நீரில் கரையும் பி தொகுதி வைட்டமின்களும், வைட்டமின் சி-யும் வெளியேறுகின்றன. மூலக்கூறு பெரிதாகவும் புரதத்துடன் பிணைந்தும் இருப்பதால் பி12 இழப்பு மட்டும் குறைவு.

இழப்பு சமையலறையிலும் தொடர்கிறது. மைசூரு வட்டாரத்தில் அன்றாட உணவான ராகிக் களியில் பாஸ்பரஸும், கீரைக் குழம்பிலும் நஞ்சன்கூடு ரசபாளே வாழைப்பழத்திலும் பொட்டாசியமும் உள்ளதால் இவற்றுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்படுகிறது. காய்கறிகளை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிடுமாறும் அறிவுறுத்தப்படுகிறது. பொட்டாசியத்தைக் குறைக்க இது அவசியம். ஆனால் அந்த நீரோடு போலிக் அமிலமும் தயாமினும் போய்விடுகின்றன. தீட்டிய வெள்ளை அரிசியிலோ தயாமின் குறைவு. இச்சத்து கடுமையாகக் குறைந்தால் மனக்குழப்பம், நடைத் தடுமாற்றம், கண் அசைவில் கோளாறு ஆகியவை ஏற்படலாம். இவை பக்கவாதம் என்றோ, யூரியா அதிகரிப்பு என்றோ தவறாகக் கருதப்படும் அபாயம் உள்ளது.

சிறுநீரக நோயாளிகளுக்கெனத் தயாரிக்கப்படும் மாத்திரைகளில் பொதுவாக போலிக் அமிலம் 1 மில்லிகிராம், பி6 வைட்டமின் 10 மில்லிகிராம், வைட்டமின் சி 60 முதல் 100 மில்லிகிராம் என்ற அளவில் இருக்கும். டயாலிசிஸில் கரைந்து போகாமலிருக்க, சிகிச்சை நாள்களில் அது முடிந்த பிறகே இவற்றை எடுத்துக்கொள்வது வழக்கம்.

சாதாரண மல்டிவைட்டமினில் சிக்கல் வைட்டமின் ஏ-யில் தொடங்குகிறது. டயாலிசிஸ் அதை வெளியேற்றுவதில்லை. உடலில் தேங்கி எலும்பையும் கல்லீரலையும் பாதிக்கலாம். மீன் ஈரல் எண்ணெய் மாத்திரைகளிலும் இது உண்டு. வைட்டமின் ஏ, இ இரண்டையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்பதே அமெரிக்க சிறுநீரக அறக்கட்டளையின் 2020-ஆம் ஆண்டு ஊட்டச்சத்து வழிகாட்டுதலின் பரிந்துரை.

கரோனா காலத்தில் பரவலான 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையும் இவர்களுக்கு ஏற்றதல்ல. உடல் அதை ஆக்சலேட்டாக மாற்றுகிறது. சிறுநீர் வழியே வெளியேற முடியாத ஆக்சலேட் திசுக்களில் படியக்கூடும்.

வைட்டமின் டி கதை வேறு. அதைச் செயல்படும் வடிவமாக மாற்றுவதே சிறுநீரகத்தின் பணி என்பதால், பலருக்கு கால்சிட்ரியால் போன்ற மருந்துகள் தேவைப்படுகின்றன. வாரம் ஒருமுறை உட்கொள்ளும் 60,000 யூனிட் வைட்டமின் டி இதற்கு மாற்றல்ல. ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் அளவுகளைப் பார்த்தே மருந்தளவு முடிவு செய்யப்படும்.

பி வைட்டமின்தானே, அதிகமானால் என்ன என்ற எண்ணத்துக்கும் ஆய்வுகளில் ஆதரவில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், டயாலிசிஸ் நோயாளிகளும் இருந்தனர். அதிக அளவு பி வைட்டமின்கள் ஹோமோசிஸ்டீனைக் குறைத்தனவே தவிர, இறப்பைக் குறைக்கவில்லை. டயாலிசிஸ் நிலையை எட்டாத, சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 238 பேரிடம் கனடாவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2010-இல் வெளியானது. அதிக அளவு எடுத்தவர்களுக்குச் சிறுநீரகச் செயல்பாடு இன்னும் வேகமாகக் குறைந்தது.

வார்பரின் மருந்து உட்கொள்வோர், வைட்டமின் கே கலந்த மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இயற்கையான வைட்டமின் சி என்று கருதி நட்சத்திரப் பழம் உண்பதும் கூடாது. தள்ளுவண்டிகளில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி விற்கப்படும் இப்பழத்தில் உள்ள நரம்பு நச்சு, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு நிற்காத விக்கலில் தொடங்கி, வலிப்பு, உயிரிழப்பு வரை கொண்டுசெல்லக்கூடும்.