மார்மெத் பாறை

மார்மெத் பாறை (பியேர் தே மார்மெத்) சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில், மோந்தே நகரில் உள்ள பெரிய கிரானைட் பாறை; பனியாறு சுமந்துவந்து விட்டுச்சென்றது. கன அளவு ஏறத்தாழ 1,800 கன மீட்டர். உச்சியில் ஒரு சிறு வீடு நிற்கிறது.

பாறை கிடக்கும் சரிவின் அடிப்பாறை கிரானைட் அன்று. இதன் பிறப்பிடம் மோன் பிளாங்க் மலைத்தொகுதி. கடந்த பனியுகத்தில் ஃபெரே பள்ளத்தாக்கின் பனியாறு இதைச் சுமந்து ரோன் பெரும்பனியாற்றில் சேர்த்தது. பனி உருகியதும் பாறை இங்கேயே தங்கிவிட்டது.

இத்தகைய பாறைகளைப் பெருவெள்ளம் உருட்டி வந்ததாகவே அறிஞர் பலரும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்பினர். உண்மையைத் தொடக்கத்திலேயே சொன்னவர்களுள் ஒருவர் லூர்த்தியே ஊர் வேட்டைக்காரர் ழான்-பியேர் பெரோதான். 1815இல் தம் குடிசையில் இரவு தங்கிய பெக்ஸ் உப்புச் சுரங்க இயக்குநர் ழான் த ஷார்பான்தியேவிடம், பள்ளத்தாக்கு முழுவதையும் ஒருகாலத்தில் பனியாறு நிறைத்திருந்தது என்றார். ஷார்பான்தியே அப்போது அதை ஏற்கவில்லை. பொறியாளர் இக்னாஸ் வெனெட்ஸ் அதே கருத்தை 1829இல் அறிஞர் அவையில் வைத்தார். அவரை மறுக்கப் புறப்பட்ட ஷார்பான்தியே, மோந்தேயில் கிடந்த இத்தகைய பாறைகளையும் ஆராய்ந்தபின் அவர் பக்கமே சேர்ந்தார். 1836இல் பெக்ஸுக்கு வந்து அவரிடம் கற்றுச்சென்ற லூயி அகாசி, 1840இல் தம் நூலை முந்தி வெளியிட்டார். ஷார்பான்தியேவின் நூல் 1841இல் வந்தது. பனியுகக் கோட்பாட்டின் புகழ் பெரிதும் அகாசிக்கே போனது.

இதற்கிடையே கல்தச்சர்கள் மோந்தேப் பாறைகளைக் கட்டடக் கல்லுக்காக உடைத்துவந்தனர். அவற்றைக் காக்குமாறு புவியியலாளர்கள் ஆல்ஃபோன்ஸ் ஃபாவ்ர், பெர்ன்ஹார்ட் ஷ்டூடர் இருவரும் 1867இல் நாட்டு மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தனர். 1905இல் மார்மெத் பாறையையே கல் வணிகர் விலைபேசியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. பொதுமக்களும் அரசும் தந்த பணத்தால் சுவிஸ் அறிவியல் கழகம் அதை விலைக்கு வாங்கியது. அந்தக் கிளர்ச்சியை ஒட்டி 1906இல் சுவிஸ் இயற்கைப் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. அதன் முயற்சியில் 1909இல் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் (இன்றைய ப்ரோ நாத்துரா) 1914இல் சுவிஸ் தேசியப் பூங்காவும் உருவாயின. கல் வெட்டும் வழக்கம் இன்னும் சில ஆண்டுகள் தடையின்றி நடந்திருந்தால் இந்தப் பாறையும் படிக்கற்களாகியிருக்கக்கூடும்.

இன்று இது பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சின்னம். மருத்துவமனை வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி உள்ளது.