விளக்கின் முன் அமர்ந்தவர்கள்

வெனிஸ் நகரத்துக் கண்ணாடி மணிகளின் வரலாற்றில் பெயரோடு நிற்கும் பெண்ணைத் தேடினால் மரியெத்தா பரோவியேர் கிடைக்கிறார். மூரானோ தீவின் கண்ணாடிக் கலைஞர் ஆஞ்செலோ பரோவியேரின் மகள். தனக்கென்று சிறிய உலை ஒன்றை அமைத்துக்கொள்ள 1487-இல் அவருக்கு அனுமதி கிடைத்தது. குறுக்காக வெட்டினால் நட்சத்திரம் தெரியும் 'ரொசெத்தா' மணியை உருவாக்கியவர் அவரே என்பது மூரானோ வழக்கு. புகழ்பெற்ற தந்தையும் சொந்த உலையும் இருந்ததால் அவர் பெயர் ஆவணத்தில் ஏறியது.

உலையில்லாத பெண்கள்? அவர்களை 'பெர்லேரே' என்றார்கள்; மணி செய்கிறவர்கள் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் இவர்களில் பலர் வீட்டிலேயே வேலை செய்தார்கள். விளக்கின் சுடரில் கண்ணாடிக் கோலை உருக்கி, செப்புக் கம்பியில் சுற்றி, வேறு நிற இழைகளால் பூவும் கொடியும் இட்டார்கள். பிறகு நைட்ரிக் அமிலத்தில் கம்பியைக் கரைத்தால் மணியில் துளை மிஞ்சும்.

அந்தப் பூக்களில் பொன்போல மின்னும் இழை அவென்டுரின் கண்ணாடி. அதில் தங்கம் கிடையாது. ஆக்சிஜன் குறைந்த சூழலில், கண்ணாடிக் குழம்பிலுள்ள செம்பு மெல்ல ஆறும்போது நுண்படிகங்களாகப் பிரிந்து ஒளியைத் திருப்புகிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே மூரானோ அதை அறிந்திருந்தது. தற்செயலாக உருவானது என்ற கதையிலிருந்தே பெயரும் வந்தது. தயாரிப்பு முறையைக் குடும்பங்கள் ரகசியமாகக் காத்தன. 19ஆம் நூற்றாண்டில் அதைத் தயாரித்துப் புகழ்பெற்ற பியெத்ரோ பிகாலியாவின் பெயர் கண்ணாடி வரலாற்று நூல்களில் இருக்கிறது.

ஆனால் உலையிலிருந்து வந்த கட்டியோடு வேலை முடிவதில்லை. சுடரில் சற்று அதிகம் காட்டினால் படிகங்கள் மீண்டும் கண்ணாடியில் கரைந்து மினுமினுப்பு செத்துவிடும். குறைவாகக் காட்டினால் இழை மணியில் ஒட்டாது. எந்த நொடியில் கையை விலக்குவது என்பதைக் கண்ணும் விரலும்தான் சொல்ல வேண்டும். உலைக்காரரின் அறிவு 'ரகசியம்' ஆயிற்று. இவர்களுடையது 'கைப்பழக்கம்' என்றே எழுதப்பட்டது. (நம் வீட்டுச் சமையலுக்கும் இதே சொல்தானே?)

மணிகளைக் கோத்தவர்கள் வேறு பெண்கள், 'இம்பிராரேசே'. சிறுமணிகள் நிறைந்த மரத்தட்டை மடியில் வைத்து, நீண்ட ஊசிகளை விசிறிபோல் பிடித்துக் குத்தி அள்ளுவார்கள். தெருவில் கூட்டமாக அமர்ந்திருந்த இவர்களைப் பயணிகள் அழகிய காட்சியாகக் கண்டார்கள். ஜான் சிங்கர் சார்ஜென்ட் ஓவியமாக்கினார். கூலியோ கோத்த அளவுக்குத்தான். அதிலும் இடையில் நின்று மணிகளைப் பங்கிட்ட 'மிஸ்த்ரே' ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். அவரும் பெண்தான், இதை மறைக்க வேண்டியதில்லை. காட்சிப்பொருளாகப் பார்க்கப்பட்ட இந்தப் பெண்கள் 1904-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

2020-இல் யுனெஸ்கோ கண்ணாடி மணிக் கலையை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பழைய வணிக நிறுவனங்களின் மாதிரி அட்டைகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வரிசையாகத் தைத்த மணிகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எண். அட்டையில் நிறுவனத்தின் பெயர்.