மருந்துக்கு வேலி

போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம். நிமிர்ந்தால் மலை, மலைமேல் ஏலத் தோட்டம். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் வளைவுகளைக் கடந்து, பிறர் தோட்டத்தில் காயெடுத்து, பொழுது சாயத் திரும்பும் உழைப்பாளர் அவ்வட்டாரத்தில் ஏராளம். அவருள் ஒருவரைக் காசநோய் பற்றினால்? பாட்டன் காலத்தில் விடை ஒன்றே. படுத்தனர், இருமினர், மாண்டனர். இன்றோ அரசு மருத்துவமனையில் ஆறு திங்களுக்கு மருந்து தருகின்றனர், விலையின்றி. காசம் கொண்டோரிடம் காசு கேளாத மருந்து!

அரசின் அருள் என்போம். அது பாதி உண்மை. மீதி உண்மை, அம்மருந்துகளுள் தலையாயதன்மீது எவரும் உரிமை முத்திரை குத்த இயலாமற் போனதில் இருக்கிறது.

ஐசோநியாசிட் என்பது அதன் பெயர். 1912இல் பிராகு நகரத்து வேதியியலார் இருவர் அதனை ஆக்கினர். எந்நோய்க்கு உதவும் என்று அவர்கள் அறியவில்லை. நாற்பதாண்டு ஏட்டில் உறங்கியது அப்பொருள். 1952இல் ரோச், ஸ்குவிப், பேயர் எனும் மூன்று பெருநிறுவனங்கள், ஏறத்தாழ ஒரே வேளையில், அது காசக் கிருமியைக் கொல்வதைக் கண்டன. கண்டு என்ன பயன்? எமது பொருள் என்று எவரும் வேலியிட முடியவில்லை. பழைய ஏடு குறுக்கே நின்றது. விலை தாழ்ந்தது. 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் ஆய்வு மையம், இம்மருந்தையும் மற்றொன்றையும் தந்து, குடிசையில் இருந்தபடியே ஏழையைக் குணமாக்கலாம், மருத்துவமனைக் கட்டில் கட்டாயமன்று என்று 1959இல் உலகுக்கு மெய்ப்பித்தது. மருந்து பொன்விலை விற்றிருந்தால் அந்த மெய்ப்பிப்பு ஏட்டளவில் நின்றிருக்கும்.

அதே 1959இல் மற்றோர் அறிக்கையும் எழுந்தது. எழுதியவர் நீதியரசர் இராசகோபால ஐயங்கார். அந்நாளில் நாட்டை ஆண்டது 1911இல் வெள்ளையர் வகுத்த காப்புரிமைச் சட்டம். விடுதலை வந்தது, கொடி மாறிற்று, அச்சட்டமோ மாறவில்லை! இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அயல்நாட்டார் கையில் என்றும், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இம்மண்ணில் தொழிலாக மலரவேயில்லை என்றும் ஐயங்கார் கணக்கிட்டார். செய்யவும் மாட்டார், செய்பவனை விடவும் மாட்டார்! வைக்கோற்போர் நாய் என்று நம் ஊரில் இதற்கு வேறு பெயர் உண்டு.

அவ்வறிக்கை காட்டிய வழியில் 1970இல் புதுச்சட்டம் பிறந்து, 1972இல் நடைமுறைக்கு வந்தது. அதன் நுட்பத்தை ஏலமலைக்காரர் எளிதில் உணர்வர். ஏலக்காய் ஒன்று, உலர்த்தும் முறை பல. புது வகை அடுப்பமைத்தவன் அவ்வடுப்புக்கு உரிமை கேட்கலாம். ஏலக்காய்க்கே உரிமை கேட்டால்? மலை முழுதும் அவன் மடியில்! ஆகவே மருந்தில் பொருளுக்கு உரிமை இல்லை, செய்முறைக்கே உண்டு, அதுவும் ஏழாண்டுக்கு மேலில்லை என்றது சட்டம். வேறு முறை கண்டவன் அதே மருந்தைச் செய்தான். இந்தியத் தொழிற்சாலைகள் தழைத்தன. எய்ட்ஸ் நோயாளி ஒருவர்க்கு ஓராண்டு மருந்து பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 2001இல், 350 டாலருக்குத் தருவேன் என்று சிப்லா எழுந்து நின்றது இச்சட்டம் வளர்த்த வலிமையால்.

திருட்டு என்றனர் மேலைநாட்டார். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை என்ற நெறியைச் சுவிட்சர்லாந்தே 1977 வரை போற்றியது. தான் ஏறிய ஏணி, பிறர் ஏறும்போது களவுக்கோலாகிவிடுமோ?

உலக வணிக அமைப்பின் உடன்பாடு 1995இல் வந்தது. 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் இருபதாண்டு உரிமை தர இந்தியா இசைந்தது. ஆயினும் அச்சட்டத்திருத்தத்தில் ஒரு சிறு கதவைப் பூட்டி வைத்தனர். அறிந்த பொருளின் புதுவடிவம், நோய் தீர்க்கும் திறத்தில் மேம்படாவிடில், அது கண்டுபிடிப்பாகாது என்பதே அப்பூட்டு. மூன்றாம் பிரிவின் ஈ உட்பிரிவு.

அப்பூட்டை உடைக்கும் முயற்சி நம் சென்னையில்தான் நடந்தது. இரத்தப் புற்றுநோய்க்கு கிளிவெக் எனும் மருந்து. உயிர்காக்கும் மருந்தே, ஐயமில்லை. கண்டவர் உழைப்பை நாம் இகழவில்லை. ஆனால் சுவிட்சர்லாந்தின் நோவார்டிஸ் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் கேட்டது அம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு உரிமை. திங்களுக்கு ஓரிலக்கத்து இருபதினாயிரம் ரூபாய் அதன் விலை. இந்தியத் தயாரிப்போ பத்தாயிரத்துக்குள். 2006 சனவரியில் அலுவலகம் மறுத்தது. சட்டப்பிரிவே செல்லாது என்று நிறுவனம் வழக்காடியது; 2007 ஆகத்து 6இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளியது. உடலில் முப்பது விழுக்காடு மிகுதியாகச் சேர்கிறதே என்றனர். சேரலாம், அதனால் நோய் மிகுதியாகத் தீர்ந்ததா? இதற்கு விடை காட்டாததால் 2013 ஏப்பிரல் முதல் நாள் உச்சநீதிமன்றமும் கைவிரித்தது.

காசத்துக்கே மீள்வோம். பழைய மருந்துக்கு அடங்காத காசத்தை வெல்ல, 2012இல் பெடாக்குவிலின் வந்தது. அதன் மூல உரிமை முடியுமுன், அதன் உப்பு வடிவத்துக்குத் தனியுரிமை வேண்டினர் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தார். எதிர்மனு கொடுத்தவருள் பெண்கள் இருவர். ஒருவர் இந்தியர், ஒருவர் தென்னாப்பிரிக்கர். காசத்திலிருந்து பிழைத்தவர்கள், பழைய மருந்தின் கொடுமையால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் மும்பை அலுவலகம் அவ்விண்ணப்பத்தை மறுத்தது. மூல உரிமை அவ்வாண்டு சூலையில் முடிந்தது. கேட்டதைக் கொடுத்திருந்தால் வேலி 2027 வரை நின்றிருக்கும்.