இரு பாற்கொம்பனிகளின் இணைப்பு

1866 ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய பேச் சகோதரர் சுவிற்சர்லாந்திலே ஆங்கிலோ-சுவிஸ் கொம்பனியை நிறுவிக் கட்டிப்பாலைத் தகரத்தில் அடைத்து விற்கலாயினர். மறு ஆண்டில் வெவே நகரத்து ஹென்றி நெஸ்லே பாலும் கோதுமையுங் கலந்த குழந்தையுணவை ஆக்கினார். பின்னர் ஒருவர் பண்டத்தை மற்றவரும் செய்யத் தொடங்கவே போட்டி மூண்டது. விந்தை யாதெனில், நெஸ்லே 1875 இலேயே தம் தொழிலைப் பத்து இலட்சம் பிராங்குக்கு விற்று விலகிவிட்டார். விற்ற பொருளுள் அவர் பெயரும் அடங்கும். யோர்ச்சு பேச் 1899 இல் இறந்தார். அவருடைய அமெரிக்கத் தொழிற்சாலைகள் 1902 இல் போர்டன் கொம்பனி வசமாயின. 1905 இல் இரு கொம்பனிகளும் ஒன்றாயின. 1947 இல் மகி நிறுவனமும் சேர்ந்தபோது ஆங்கிலோ-சுவிஸ் என்னும் பெயர் நீங்கிற்று. முன்னோடிகளாகிய சகோதரருக்கு எஞ்சியது, ஈழத்துக் கடைகளிலும் காணப்படும், பாற்குடந் தாங்கிய பெண்ணுருப் பொறித்த மில்க்மேட் தகரமே.