ஆளுமையும் அதனை அளக்கும் முறையும்: லவ்டேல் தரும் ஒரு சான்று

ஒருவரின் ஆளுமை பிறப்பால் அமைவதோ, சூழலால் விளைவதோ, செயலால் அறியப்படுவதோ என்பது உளவியலார் நெடுநாள் ஆராய்ந்துவரும் வினாவாகும். நீலகிரியைச் சூழ்ந்த வரலாற்றில் இம்மூன்று விடைகளையும் காணலாம்.

சூழலே குணத்தை ஆக்கும் என்னும் கொள்கைக்கு லவ்டேல் தக்க சான்று. சமவெளியின் வெப்பம் ஆங்கிலப் படைவீரர்தம் பிள்ளைகளின் உடலையும், படைவீட்டு வாழ்க்கை அவர்தம் ஒழுக்கத்தையும் கெடுக்கும் என்பது ஹென்றி லாரன்சின் துணிபு. அவர் 1857-இல் இலக்னோவில் மறைந்தார். அவர் பெயரால் 1858-இல் உதகையில் தோன்றிய பள்ளியே பின்னர் லவ்டேலில் நிலைபெற்றது. குளிர்ந்த காற்றும் கட்டுப்பாடும் நற்குணத்தை வார்க்கும் என நம்பிய அப்பள்ளியிலும், தொடக்கத்தில் சேரும் உரிமை தந்தை யார் என்பதைப் பொறுத்தே இருந்தது. சூழற்கொள்கையினுள்ளும் பிறப்பு மறைந்து நின்றது என்க.

பிறப்புக்கொள்கை படையில் வெளிப்படையாகவே ஆட்சி செய்தது. 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத்தலைவராயிருந்த ராபர்ட்சு, தென்னாட்டவரிடம் போர்க்குணம் குன்றியது எனக் கருதினார். தனி மனிதர் எவரையும் சோதியாமலே ஓர் இனம் முழுவதற்கும் குணம் வகுக்கப்பட்டது. சென்னைப் படைப்பிரிவுகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரின்போது மீண்டும் உருப்பெற்ற சென்னை ரெசிமெண்டின் மையம், இன்று அதே மலையில் குன்னூரை அடுத்த வெலிங்டனில் விளங்குகின்றது.

அப்போர்க்காலத்திலேயே, 1943-இல், டேராடூனில் அதிகாரிகளைத் தேரும் புதுமுறை தொடங்கிற்று. இவ்வகைத் தேர்வில் ஒரு சொல் கேட்டவுடன் தோன்றும் கருத்தை எழுதுதல், படம் கண்டு கதை புனைதல், குழுவாகப் பணியாற்றல் என்பன இடம்பெறும். சொற்சோதனையை வளர்த்தவர் யுங். படச்சோதனையை 1935-இல் வெளியிட்டோர் மார்கனும் மர்ரேயும். அகமனம் புறப்பொருளின்மேல் தன்னைச் சாற்றும் என்பது இவற்றின் அடிப்படை. மற்றொரு சாரார் பண்புக்கூறுகளை எண்ணினர். ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் 1936-இல் ஆங்கில அகராதியினின்று ஏறத்தாழ 18,000 சொற்களைத் தொகுத்தனர். கேட்டல் அத்தகைய தொகுதியைச் சுருக்கிப் பதினாறு கூறுகளாக்கினார். ஆயின், சூழல் மாறின் ஒருவர் நடத்தையும் மாறும் என 1968-இல் மிஷல் தடை எழுப்பினார்.

இத்தடையை நோக்குங்கால் திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் புதுப்பொருள் தருகின்றது. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு நிலைகளில் ஆளை ஆராய்க என்கிறார் வள்ளுவர். குணமும் குற்றமும் சீர்தூக்கி மிகுந்ததைக் கொள்க என்றும் கூறுகின்றார். குடிப்பிறப்பையும் அவர் தகுதிகளுள் ஒன்றாக எண்ணியது உண்மையே. எனினும், பெருமைக்கும் சிறுமைக்கும் உரைகல்லாக அவர் நிறுத்தியது அவரவர் செயலையே.

படைக்கும் பள்ளிக்கும் பணிக்கும் ஆள் தேர்வோர் இதனை மறத்தலாகாது. வினாத்தாளின் எண்கள் துணையாகலாம். அவையே முடிவாயின், பிறப்பால் இட்ட முத்திரையை எண்ணால் இட்டதாகவே முடியும்.