கட்டடம் இல்லாத ஒரு கல்லூரி பிறந்த கதை

சிதம்பரத்தில் ஞானப்பிரகாசர் குளம் இருக்கிறது. கீரப்பாளையத்திலிருந்து பஸ் ஏறிச் சிதம்பரம் போய்வரும் எங்களில் பலருக்கு அது வெறும் இடப்பெயர். அதை வெட்டியவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் பதில் கடல் தாண்டிப் போகும். பதினேழாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியர் ஆண்டபோது, அதிகாரியின் சமையலுக்கு வீட்டு முறை வைத்து நாளுக்கொரு பசு கொடுக்க வேண்டும் என்று உத்தரவாம். தன் வீட்டு முறை வருவதற்கு முந்தைய இரவே ஞானப்பிரகாசர் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். வடக்கே போய் வடமொழி கற்று, சிவஞான சித்தியாருக்கு உரை எழுதி, கடைசியில் தில்லையில் தங்கிக் குளம் வெட்டினார். அவருடைய ஊர் திருநெல்வேலி. யாழ்ப்பாண நகரத்தை ஒட்டியிருக்கும் திருநெல்வேலி.

அதே ஊரில் 1931 நவம்பரில் பிறந்தவர் ம. சண்முகலிங்கம். ‘குழந்தை’ என்ற செல்லப் பெயர் ஒட்டிக்கொண்டு, நரைத்த பிறகும் குழந்தை சண்முகலிங்கம் என்றே அறியப்பட்டார். பள்ளிக்கூட ஆசிரியர். முதலாமவர் ஊரைவிட்டுப் போய் எங்கள் பக்கத்தில் குளம் வெட்டினார். இரண்டாமவர் ஊரிலேயே இருந்து 1978-இல் ஒரு கல்லூரி தொடங்கினார். கட்டடமோ, பட்டமோ இல்லாத கல்லூரி அது. பெயர் நாடக அரங்கக் கல்லூரி.

ஒரு நாடகக் குழுவுக்கு எதற்குக் கல்லூரி என்ற பெயர்? அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்தில் அதற்கு முன் நாடகம் இல்லாமல் இல்லை. கலையரசு சொர்ணலிங்கம் என்ற பெரிய நடிகர் இருந்தார். சென்னையில் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரைத் தன் குருவாகக் கொண்டவர் அவர். அந்த மேடையில் திரை, ஒப்பனை, வசனம் எல்லாம் சென்னையின் வழி வந்தவை. இன்னொரு பக்கம் ஊர்க் கூத்துகள். மட்டக்களப்பில் வட்டக்களரி கட்டி விடியவிடிய ஆடும் வடமோடி, தென்மோடி. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்கர் ஆடும் கூத்துகள். நாம் கூத்து வாத்தியார் என்பவரை அங்கே அண்ணாவியார் என்பார்கள். படித்தவர்கள் கூத்தைப் பார்க்கப் போவதில்லை. கூத்தாடுகிறவர்களைப் பல்கலைக்கழகம் கண்டுகொண்டதில்லை.

அந்தச் சுவரை முதலில் உடைத்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 1956-இல் நாட்டார் கூத்து மரபை எடுத்து ‘மனமே’ நாடகத்தைச் செய்து காட்டினார். அவர் பணியாற்றிய அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்த வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவியார்களை அழைத்துவந்து மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கினார். அறுபதுகளில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று கூத்துகள் நகர மேடைக்கு வந்தன. இராவணனாக ஆடிய மாணவர், பின்னாளில் பேராசிரியரான சி. மௌனகுரு, ‘சங்காரம்’ என்ற நாடகத்தில் வடமோடி ஆட்டத்தை உழைப்பாளிகளின் கதைக்குக் கொண்டுவந்தார்.

வேறொரு திசையிலும் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை விட மறுத்தபோது பெரும் போராட்டம் நடந்தது. அந்தப் போராட்டத்தைக் ‘கந்தன் கருணை’ என்ற நாடகமாக ஆடிய குழுவின் பெயர் அம்பலத்தாடிகள். தில்லைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் உடம்பு சிலிர்க்கிறது. நந்தனார் கதை நடந்த ஊரின் ஆண்டவனுடைய பெயரை, கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்காக ஆடியவர்கள் சூடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக 1978-இல் யாழ்ப்பாணத்தில் ஆசை இருந்தது, திறமை இருந்தது, கோபமும் இருந்தது. பயிற்சி மட்டும் இல்லை. எழுபதுகளின் நடுவில் கொழும்புப் பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்கென நாடக டிப்ளோமா வகுப்பு ஒன்றை நடத்தியது. அதில் படித்துவிட்டு ஊர் திரும்பிய சண்முகலிங்கத்துக்கு ஒன்று தெளிவாகியிருந்தது. பாடகனுக்குச் சாதகம் உண்டு; நாதஸ்வரக்காரருக்குக் குருகுலம் உண்டு; நடிகனை மட்டும் ஒருவரும் பழக்குவதில்லை. வசனத்தை மனப்பாடம் செய்தால் நடிகன் என்று நினைத்துவிடுகிறார்கள். உடலை, மூச்சை, குரலை, பக்கத்தில் நிற்பவனைக் கவனிக்கும் பழக்கத்தைக் கற்றுத்தர ஒரு இடம் வேண்டும். அதனால்தான் கல்லூரி என்ற பெயர்.

நாம் பட்டறை என்று சொல்வதை அவர்கள் களப்பயிற்சி என்றார்கள். இயக்குநர் அங்கே நெறியாளர். நாடகப் பிரதி எழுத்துரு. இந்தச் சொற்களை எனக்குப் பிடிக்கும். சினிமாவிடமிருந்து கடன் வாங்காமல் நாடகம் தனக்கென்று வைத்துக்கொண்ட சொற்கள் அவை. களப்பயிற்சிக்கு வந்தவர்களில் ஆசிரியர்கள் இருந்தார்கள், அலுவலகம் போகிறவர்கள் இருந்தார்கள். பிழைப்பு வேறு, நாடகத்துக்கு எஞ்சிய நேரத்தைக் கொடுத்தார்கள்.

நெறியாளர் அ. தாசீசியஸ் அந்தக் கல்லூரிக்குக் கிடைத்த பெரும் வரம். மீனவத் தொழிலாளரைப் படகு முதலாளியான சம்மாட்டி சுரண்டுவதைச் சொல்லும் அவருடைய ‘பொறுத்தது போதும்’, கவிஞர் மஹாகவியின் பா நாடகங்களான ‘கோடை’, ‘புதியதொரு வீடு’, மௌனகுருவின் ‘சங்காரம்’, சண்முகலிங்கத்தின் ‘உறவுகள்’ என்று கல்லூரியின் மேடை விரிந்தது. ஆனால் தொடக்க நாட்களிலேயே அவர்கள் குழந்தைகளுக்காக ‘கூடி விளையாடு பாப்பா’வை ஆடினார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். தமிழ்நாட்டில் பெரிய நாடகக் குழுக்கள் எதுவும் குழந்தைகளிடமிருந்து தொடங்கியதாக எனக்கு நினைவில்லை. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளுக்குச் சண்முகலிங்கம் எழுதிய நாடகங்களும் பல. மாணவிகள் ஒத்திகைக்கு வருவார்கள். அவர்களைப் பார்க்கப் பெற்றோர் வருவார்கள். அப்படித்தான் அந்த ஊருக்கு ஒரு புதிய நாடகப் பழக்கம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

பிறகு நடந்ததை நாம் அறிவோம். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம். அகதிகள் கடல் தாண்டி வந்தார்கள். எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே குறிஞ்சிப்பாடியில் முகாம் வந்தது.

1985-இல் சண்முகலிங்கம் ‘மண் சுமந்த மேனியர்’ எழுதினார். க. சிதம்பரநாதன் நெறிப்படுத்த, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடினார்கள். தலைப்பைப் பாருங்கள். வந்தியின் பிட்டுக்காகக் கூலியாளாய் வந்து, வைகைக் கரையில் மண் சுமந்து, பாண்டியனின் பிரம்படியை முதுகில் வாங்கிய சிவனின் கதை நமக்கெல்லாம் தெரியும். மாணிக்கவாசகர் திருவம்மானையில் அந்த அடிபட்ட மேனியைப் பாடுகிறார். அவர் இறைவனோடு கலந்ததாகச் சொல்லப்படும் ஊர் சிதம்பரம். அவருடைய பாட்டில் புண்பட்ட மேனி இறைவனுடையது. யாழ்ப்பாண நாடகத்தில் அது மண்ணில் உழைக்கும் மனிதர்களுடையது. ஒரு எழுத்து கூட விளக்கம் சொல்லாமல், தலைப்பாலேயே அந்த உழவர்களை அவர் எங்கே ஏற்றி வைத்துவிட்டார்! பக்தி நூல் படித்து வளர்ந்த சமூகத்துக்கு இதைவிட நேராக யாராலும் பேசியிருக்க முடியாது.

நாடகம் ஊர் ஊராகப் போனது. பெரிய காட்சியமைப்பு தேவைப்படவில்லை. உரைஞர்கள் கதையை எடுத்துச் சொல்வார்கள். ஆட்கள் சேர்ந்து நின்றால் ஊர். கலைந்து ஓடினால் சுற்றிவளைப்பு. வயலும் வீடும் வீதியும் அவர்களுடைய உடம்பிலிருந்தே எழுந்தன. பார்க்க வந்தவர்கள் தங்கள் வீட்டில் நேற்று நடந்ததை மேடையில் பார்த்தார்கள். போர் வந்ததனால் இந்த நாடகம் உண்டாயிற்று என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் தோன்றுகிறது. 1978-இலிருந்து ஏழு ஆண்டுகள் களப்பயிற்சியில் கழிந்திருந்தன. உடலும் குரலும் பழகியிருந்தன. எளிய மேடையில் ஒரு ஊரையே எழுப்பிக் காட்டத் தெரிந்திருந்தது. பேச வேண்டிய நாள் வந்தபோது மொழி கையில் இருந்தது. அந்த ஏழு ஆண்டுகள் இல்லாமல் போயிருந்தால் 1985-இல் கூட்டங்களும் துண்டறிக்கைகளும் மட்டும்தான் இருந்திருக்கும்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாடு இருட்டுக்குள் போனது. மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்துச் சொட்டு எண்ணெயில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அந்த நாட்களில் உளநல மருத்துவர் தயா சோமசுந்தரத்திடம் வந்தவர்களில் பலர் தலைவலி, நெஞ்சிடி, உடம்பெல்லாம் நோவு என்றுதான் சொன்னார்கள். துக்கம் என்று சொல்லத் தெரியாமல் உடம்பு அதை நோவாகச் சொன்னது. போர் உள்ளத்தில் விட்டுச்செல்லும் காயத்தை அவர் ‘மனவடு’ என்று அழைத்து, அதே பெயரில் தமிழில் நூலும் எழுதினார். மனவடு. ஆறிய புண்ணின் மேல் தடவினால் தெரியும் தழும்பு. இந்தச் சொல்லை எல்லாத் தமிழ் மருத்துவமனைகளும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அந்தக் காயங்களைத்தான் 1991-இல் சண்முகலிங்கம் ‘அன்னை இட்ட தீ’யில் மேடைக்குக் கொண்டுவந்தார். தாய்க்குக் கொள்ளி வைத்தபோது பட்டினத்தார் பாடிய பாட்டிலிருந்து எடுத்த தலைப்பு. ‘மண் சுமந்த மேனியர்’ புகழ் பெற்ற நாடகம்; ஆனால் என்னைக் கேட்டால் இதுவே பெரிய நாடகம். முன்னது எழச் சொன்னது. இது, எழ முடியாமல் கிடப்பவரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அழாத தாய், பேசாத பிள்ளை, தூங்காத தகப்பன் எல்லாம் பைத்தியம் அல்ல என்று ஊருக்குச் சொன்னது. பின்னர் வந்த ‘எந்தையும் தாயும்’, பிள்ளைகள் வெளிநாடு போய்விட வெறும் வீட்டைக் காவல் காக்கும் முதியவர்களைப் பற்றியது. போர் நடக்காத நம் கிராமங்களிலும் இன்று அந்த வீடுகள் இருக்கின்றன.

சிதம்பரநாதன் இன்னும் ஒரு படி போனார். ஆடுபவர், பார்ப்பவர் என்ற கோட்டை அழித்து, காயப்பட்ட மக்களே வட்டமாகக் கூடித் தங்கள் கதையை ஆடிப் பார்க்கும் முறையை அரங்கச் செயற்பாட்டுக் குழு வழியாக வளர்த்தார். ‘சமூக மாற்றத்துக்கான அரங்கு’ என்று அவர் எழுதிய நூல் உண்டு.

உலகத்தின் இன்னொரு மூலையிலும் இதே வேலை நடந்துகொண்டிருந்தது. ‘அன்னை இட்ட தீ’ வந்த அதே 1991-இல் ஜெருசலேமில் பலஸ்தீனக் கலைஞர்கள் எட்வர்ட் முஅல்லிமும் இமான் அவூனும் அஷ்தார் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். அவர்களும் பயிற்சியிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நடிப்புக் கற்றுக்கொடுத்தார்கள். பிரேசில் நாட்டு அகஸ்தோ போவாலின் வழியில், பார்ப்பவர் எழுந்துவந்து நாடகத்தின் போக்கை மாற்றும் முறையைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். 2010-இல் காஸாவின் இளம் பிள்ளைகள் தங்கள் போர் அனுபவத்தைத் தாங்களே எழுதிய ‘காஸா தனிமொழிகள்’ அஷ்தாரின் முயற்சியில் பல நாடுகளில், பல மொழிகளில் வாசிக்கப்பட்டது. மேற்குக் கரையின் ஜெனின் அகதி முகாமில் ஆர்னா மெர் என்பவர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அரங்கு 2002-இல் இஸ்ரேல் இராணுவத்தால் இடிக்கப்பட்டது. அவருடைய மகன் ஜூலியானோ 2006-இல் அங்கேயே சுதந்திர அரங்கைத் தொடங்கினார். 2011 ஏப்ரல் 4 அன்று அந்த அரங்கின் வாசலருகே சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தக் கொலையால் அரங்கு மூடப்படவில்லை. யாழ்ப்பாணத்தாரும் ஜெனின்காரர்களும் ஒருவரையொருவர் அறிந்து செய்த வேலை இல்லை இது. பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்ட ஊர்களில் பெரியவர்களுக்கு ஒரே வழிதான் புலப்பட்டிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் 1995 அக்டோபர் இறுதியில், இராணுவம் நெருங்கியபோது, ஒரே இரவில் வலிகாமப் பகுதி மக்கள் லட்சக்கணக்கில் மழையில் நனைந்தபடி ஊரைவிட்டு நடந்தார்கள். திருநெல்வேலியும் வலிகாமத்து ஊர்தான். பின்னர் திரும்பி வந்தவர்கள் வந்தார்கள். சண்முகலிங்கமும் அந்த மண்ணிலேயே இருந்து எழுதினார், கற்பித்தார். பள்ளிகளில் உயர்தர வகுப்பில் ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பாடமாக நிலைத்ததில் அவருடைய உழைப்பு பெரியது. தமிழ்நாட்டில் எந்தப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்கு இன்று நாடகம் பாடமாக இருக்கிறது? 2025 ஜனவரியில், 93 வயதில், அவர் மறைந்தார். நம் இதழ்களில் அதற்குக் கிடைத்த இடம் எனக்கு இன்னும் மனத்தாங்கல்.

மண் சுமந்தவர்களை எங்கள் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன். இங்கே திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறி எறியும் எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் மடியேந்துவார்கள். கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் திடலை அடைத்துக் கிடப்பான். சிறு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பீமன் தொடையில் அடித்து, திரௌபதி கூந்தல் முடிந்து எல்லாம் ஓய்ந்த பிறகுதான் கூட்டம் முன்னே வரும். பெண்கள் குனிந்து அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி, முந்தானையில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். நெல் குதிரில் போட. அம்மாவும் அள்ளினாள். வரும் வழியெல்லாம் அந்த முடிச்சை இடது கையால் பிடித்தபடியே நடந்தாள்.