ஊசியால் எழுதிய திருமறை விளக்கம்: ஹேரியட் பவர்ஸ் அம்மையாரின் இரு போர்வைகள்

1. முன்னுரை

திருமறை விளக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் நூல்களையும் அருளுரைத் தொகுதிகளையுமே பெரிதும் சான்றாகக் கொள்கின்றனர். எழுதும் வாய்ப்பும் அச்சிடும் வசதியும் பெற்றோரின் விளக்கங்களே இவ்வழியில் நமக்கு எஞ்சியுள்ளன. அவ்வாய்ப்பு மறுக்கப்பட்டோர் திருமறையை எவ்வாறு உணர்ந்தனர் என்பதை அறிய வேறு வகைச் சான்றுகளை நாட வேண்டியுள்ளது. அத்தகைய சான்றுகளுள் இரண்டு, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ் அம்மையார் தைத்த போர்வைகளாகும். அவற்றின் வரலாற்றை ஆராய்ந்து, அவை திருச்சபையின் முன் வைக்கும் கேள்வியைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கலையும் அதன் சூழலும்

மேலும் கீழும் துணியும் இடையில் பஞ்சும் வைத்து, மூன்று அடுக்குகளையும் ஊடுருவித் தையலிட்டு இணைக்கும் போர்வையை ஆங்கிலத்தில் ‘குவில்ட்’ என்பர். பழைய சேலைகளை அடுக்கி வங்காளப் பெண்கள் தைக்கும் ‘காந்தா’வும் இவ்வகையைச் சேர்ந்ததே. அமெரிக்காவில் இக்கலை குடும்பப் பெண்களின் கைவேலையாக வளர்ந்தது. தென்மாநிலங்களில் அடிமைப் பெண்கள் எசமானர் இல்லத்திற்காகத் தைத்ததோடு, எஞ்சிய துண்டுகளைக் கொண்டு தம் குடும்பத்தாருக்கும் போர்வைகள் செய்தனர். உருவங்களைத் துணியில் வெட்டி அடித்துணியின்மேல் பொருத்தித் தைப்பது இக்கலையின் ஒரு முறை. பவர்ஸ் அம்மையார் கையாண்டது இம்முறையையே. மேற்கு ஆப்பிரிக்காவின் டஹோமி நாட்டு உருவத்துணிகளோடு அவர் படைப்புகளுக்குள்ள ஒற்றுமையை ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயினும் இது ஒப்புமையேயன்றி நிறுவப்பட்ட தொடர்பு அன்று.

3. வாழ்க்கை

பவர்ஸ் அம்மையார் 1837ஆம் ஆண்டு ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரையடுத்த பகுதியில் பிறந்தார். அடிமைகளுக்கு வாசிக்கக் கற்பிப்பதைத் தடைசெய்யும் சட்டம் அம்மாநிலத்தில் 1829ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. 1855இல் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பவரை மணந்தார். உள்நாட்டுப் போருக்குப் பின் 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 1880களில் இக்குடும்பத்தார் நான்கு ஏக்கர் நிலம் உடையோராக இருந்தனர். ஆனால் பின்னர் வறுமை நெருக்கியது. அம்மையார் 1910ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் மறைந்தார். அவருடைய கல்லறை 2005ஆம் ஆண்டில்தான் மீண்டும் அடையாளம் காணப்பட்டது.

4. முதற் போர்வை

முதற் போர்வை 1886ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதனைக் கண்ட ஜென்னி ஸ்மித் என்னும் வெள்ளைய ஓவிய ஆசிரியை அதை விலைக்குக் கேட்டார். அம்மையார் எவ்விலைக்கும் கொடுக்க இசையவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் குடும்ப நெருக்கடியால் அவரே அதை விற்க முன்வந்து பத்து டாலர் கேட்டார். ஆசிரியையால் ஐந்து டாலரே தர இயன்றது. கணவரின் அறிவுரைப்படி அதற்கு உடன்பட்டார். விட்டுச் செல்லுமுன் ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் விளக்கினார். ஆசிரியை அதனை எழுதிவைத்தார். பின்னரும் தம் படைப்பைக் காண அம்மையார் பலமுறை அவ்வீட்டிற்கு வந்து சென்றார்.

இப்போர்வையில் 11 கட்டங்கள் உள்ளன. ஏதேனில் ஆதாமும் ஏவாளும், காயீன் ஆபேலைக் கொல்லுதல், காயீன் நோத் தேசத்தில் மனைவி தேடுதல், யாக்கோபின் கனவு, ஆண்டவரின் திருமுழுக்கு, இராப்போசனம், முப்பது வெள்ளிக்காசுகளுடன் யூதாசு, சிலுவை மரணம், திருக்குடும்பம் முதலியன அவற்றுள் அமைந்துள்ளன. சகோதரன் சகோதரனைக் கொல்வதும், நண்பன் நண்பனைக் காசுக்கு விற்பதும் இங்கு இடம்பெறுகின்றன. மனிதர் விலைக்கு விற்கப்பட்ட காலத்தில் வாழ்ந்த ஒருவர் இவற்றைத் தெரிந்தெடுத்தார் என்பதை நாம் மறத்தலாகாது. இன்று இது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

5. இரண்டாம் போர்வை

இரண்டாம் போர்வை 1895க்கும் 1898க்கும் இடையே தைக்கப்பட்டது. அட்லாண்டா பல்கலைக்கழக ஆசிரியர்களின் துணைவியர் இதனைச் செய்வித்து, நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியின் தலைவரான சார்லஸ் கத்பர்ட் ஹால் ஐயருக்கு 1898இல் அன்பளிப்பாக வழங்கினர் என்பது மரபாக வழங்கிவரும் செய்தி.

இதன் 15 கட்டங்களுக்கும் அம்மையார் தந்த விளக்கங்கள் எழுத்தில் காக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டு, திருமறை மாணவரின் தனிக் கவனத்திற்குரியவை. முதற் கட்டத்தில் யோபு தம் சத்துருக்களுக்காக மன்றாடுகிறார். யோபு ஆகமத்தின் இறுதி அதிகாரத்திலோ அவர் மன்றாடுவது தம் நண்பர்களுக்காகவே. துன்புற்றவனைக் குற்றஞ்சாட்டிய நண்பர்களைச் சத்துருக்கள் எனக் கண்டது பிழையான வாசிப்பா? மலைப்பிரசங்கத்தின் ஒளியில் யோபுவை வாசித்த விளக்கம் என்றே இதனைக் கொள்ளலாம். மற்றொரு கட்டத்தில் மோசே வெண்கலச் சர்ப்பத்தை உயர்த்துகிறார். பெண்கள் தம் பிள்ளைகளைக் குணமாகக் கொண்டுவருகின்றனர். எண்ணாகமம் 21ஆம் அதிகாரம் பெண்களையோ பிள்ளைகளையோ தனித்துக் குறிப்பிடவில்லை. பல பிள்ளைகளைப் பெற்ற தாய், அக்கூட்டத்தில் தாய்மாரைக் கண்டுகொண்டார்.

திருமறைக் காட்சிகளிடையே வரலாற்று நிகழ்ச்சிகளையும் அம்மையார் வைத்தார். 1780ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் பகலில் இருள் சூழ்ந்தது. 1833 நவம்பர் 13இல் விண்கற்கள் மழைபோல் பொழிந்தன. இரண்டும் அவர் பிறப்பதற்கு முன்னர் நிகழ்ந்தவை. மூத்தோர் வாய்மொழியாகவே அவரை எட்டியிருத்தல் வேண்டும். விண்மீன்கள் விழுந்தபோது உலக முடிவு வந்ததென மக்கள் அஞ்சினர் எனவும், இறைவனின் கரம் அவற்றைத் தடுத்தது எனவும் அவர் விளக்கினார். 1895 பிப்ரவரியின் கடுங்குளிரோ அவர் வாழ்நாளில் நேர்ந்தது. அக்கட்டத்தில் ஒரு பெண் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே உறைந்துவிடுகிறாள். ஒருவன் மதுக்குடத்தருகே உறைகிறான். பக்தருக்குத் தீங்கு நேராது என்ற எளிய போதனைக்கு இங்கு இடமில்லை. இறுதிக் கட்டமாக ஆண்டவரின் சிலுவை மரணம் அமைந்துள்ளது. யோபுவில் தொடங்கிச் சிலுவையில் முடியும் இவ்வமைப்பு, துன்பத்தைப் பற்றிய ஓர் அருளுரையாகவே விளங்குகிறது.

ஹால் ஐயர் பாரோஸ் சொற்பொழிவாளராக 1902–03இல் இந்தியாவிலும் இலங்கையிலும் ஜப்பானிலும் உரையாற்றியவர். அவ்வுரைகள் கிறிஸ்தவ அனுபவத்தின் வழியே கிறிஸ்தவ நம்பிக்கையை விளக்குவன. நம் நாட்டுக் கற்றோர்முன் அவர் விரித்துரைத்த பொருளுக்கு, அவர் பெற்ற போர்வையே சிறந்த எடுத்துக்காட்டு எனலாம். இது இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

6. மடலும் மறுமதிப்பீடும்

பவர்ஸ் அம்மையார் எழுத்தறிவற்றவர் என்றும், செவிவழிக் கேட்டவற்றையே தைத்தார் என்றும் ஆய்வாளர் பல்லாண்டுகள் எழுதிவந்தனர். ஆனால் 1896ஆம் ஆண்டு அவர் ஒரு பெண்மணிக்கு எழுதிய மடலின் படியைக் கைரா ஹிக்ஸ் என்னும் ஆய்வாளர் கண்டறிந்து 2009இல் வெளியிட்டார். வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளின் துணையால் வாசிக்கத் தொடங்கித் திருமறையைத் தாமே பயின்றதாக அம்மையார் அதில் கூறுகிறார். 1882இல் சீயோன்மலை பாப்திஸ்து சபையில் சேர்ந்ததையும், ஆண்டவரின் இராப்போசனத்தைப் பொருளாகக் கொண்டு வேறொரு போர்வை செய்ததையும் குறிப்பிடுகிறார். அப்போர்வை நமக்குக் கிடைக்கவில்லை. எழுத்தறிவற்ற பெண்ணின் அப்பாவிப் பக்தி எனக் கருதப்பட்டது, திருமறையைத் தாமே பயின்ற ஒருவரின் ஆய்ந்த தெரிவு என இம்மடலால் தெளிவாயிற்று.

7. முடிவுரை

இவ்வரலாற்றில் நமக்கு ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. கற்பதற்குத் தடையிட்ட சட்டத்தாலும் இறைவாக்கை ஓர் அடிமைப் பெண்ணுக்கு எட்டாததாக்க இயலவில்லை என்பது ஆறுதல். அவர் தந்த விளக்கம் நமக்கு எஞ்சியதோ, ஐந்து டாலருக்குப் போர்வையை வாங்கிய ஒருவர் அன்று கேட்டு எழுதிவைத்ததால் என்பது எச்சரிக்கை. அவ்வாறு கேட்பார் இன்றி மறைந்த விளக்கங்கள் எத்தனை! ஆயரும் இறையியல் மாணவரும் சபையாருக்குத் திருமறையை விளக்கக் கடமைப்பட்டுள்ளனர். சபையாருள் எழுதாதோரும் பேசத் தயங்குவோரும் அதை எவ்வாறு விளக்குகின்றனர் எனக் கேட்டறிதலும் அக்கடமையில் அடங்கும். யோபுவின் நண்பர்களைச் சத்துருக்கள் எனக் கண்ட கண்கள் நம் சபைகளிலும் உள்ளன. அவற்றின் பார்வையை அறியாமல் செய்யப்படும் திருமறை விளக்கம் முழுமை பெறாது.